மனுதாரர்

சென்னைப் பட்டணத்தில் வாடகை வீட்டில் காலம் தள்ளுகிறவர்களில் பெரும்பாலோர் காலையில் காபியோடு சேர்த்து விலைவாசியையும் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆபீசுக்குப் போய்விடுகிறார்கள். அப்படிப் போக மனமில்லாமல், சர்க்கார் என்று ஒன்று இருக்கிறவரையில் அதற்கு எழுதிப் போடுவதே பிரஜையின் தர்மம் என்று நம்பி, வெள்ளைத்தாளும் பேனாவும் சகிதமாய் உட்கார்ந்துவிடுகிற அபூர்வப் பிறவி ஒருவரும் நம்மிடையே உண்டு. அவரை மனுதாரர் என்றே வைத்துக்கொள்வோம். சர்க்காரும் அவரை அப்படித்தான் அழைக்கிறது.

கக்கத்தில் நாடா கட்டிய ஃபைல், சட்டைப் பையில் தபால் ஒப்புகை அட்டை, முகத்தில் எந்தப் பதிலாலும் கலையாத ஒரு பிரசன்னம்: இவையே அவருடைய லட்சணங்கள். ஃபைலின் அடித்தாளில் மாம்பலத்து விலாசம் இருக்கும். மேலே வரவரப் பழவந்தாங்கல், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் என்று ஒவ்வொரு வாடகை உயர்வுக்கும் சில ஸ்டேஷன்கள் தெற்கே நகர்ந்து, இப்போதைக்குக் கூடுவாஞ்சேரியில் வந்து நிற்கிறது.

1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வீட்டு மதிப்பில் வருஷத்துக்கு 100-க்கு 9 ரூபாய் வீதம் நியாய வாடகை நிர்ணயிக்கலாம் என்று அதில் கண்டு, உற்சாகத்தோடு ஒருநாள் இரவு கணக்குப் போட்டார். மாம்பலத்தில் மனை விற்கிற விலையைச் சேர்த்துப் பெருக்கியபோது, அவர் கொடுத்துவந்த அநியாய வாடகையைப்போல் மும்மடங்கு வந்தது நியாய வாடகை! அந்தத் தாளை வீட்டுக்காரர் கண்ணில் படாதபடி அரிசிப் பானைக்குள் வைத்ததாகக் கேள்வி.

அந்தச் சட்டம் போய் 2017-ஆம் வருஷத்துப் புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தபோது, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கலாகாது என்ற விதியைப் படித்த மனுதாரர் அடைந்த ஆனந்தத்துக்கு அளவில்லை. வீடு பார்க்கப் போன இடத்தில், பத்து மாத அட்வான்ஸ் கேட்ட வீட்டுக்காரரிடம் அந்த விதியைச் சாவகாசமாக வாசித்தும் காட்டினார்.

வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தார். "வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய என்று ஆரம்பத்திலேயே போட்டிருக்கிறதே, சார்! அந்த ஒப்பந்தத்தைத்தானே இப்போது பண்ணிக்கொள்ளப் போகிறோம்?" என்றார்.

மனுதாரர் பி.எஃப். கடன் வாங்கிப் பத்து மாதத்தையும் கட்டினார். கட்டிவிட்டு ஒரு மனுவும் போட்டார்.

பதிலே வருவதில்லை என்று சர்க்காரைக் குறை சொல்லுகிறவர்கள் விஷயம் தெரியாதவர்கள். பதில் வருகிறது, இலக்கண சுத்தமாய், தேதியும் எண்ணும் இட்டு வருகிறது, அதில் பொய் என்பது மருந்துக்கும் இருக்காது. வீடுகளுக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசமாயிருக்க, வீட்டுக்காரர் தாமே பூட்டிய சப் மீட்டரைப் பார்த்து முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய் வசூலிக்கிறார் என்று இவர் எழுதினால், '100 யூனிட் இலவச மின்சாரம் தொடர்ந்து வழங்கப்பட்டு வருகிறது' என்று பதில் வரும். வாஸ்தவந்தானே? வழங்கப்படுகிறது, வீட்டுக்காரருக்கு வழங்கப்படுகிறது. 2022-இல் சொத்து வரியை வீட்டின் விஸ்தீரணத்துக்கேற்ப 150 சதவீதம் வரை உயர்த்தியபோதும், அது குடியிருப்பவரைச் சேர்ந்ததன்று என்றே வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தார்கள்; வரியோ மாடியில் வீட்டுக்காரரிடம் ஒரு ராத்திரிகூடத் தங்காமல் மறுமாதமே கீழ்ப்போர்ஷனுக்கு இறங்கிவிட்டது. அதற்குப் போட்ட மனு, 'உரிய நடவடிக்கைக்காக' ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு மாற்றலாகி, அவரைக் காட்டிலும் அதிக விலாசங்களில் குடியிருந்துவிட்டது.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிற்று. சர்க்கார் ரேஷன் கடையில் 60 ரூபாய்க்குப் போட்டது. மனுதாரர் வரிசையில் நின்று ஒரு கிலோ வாங்கிக்கொண்டு, ஜயபேரிகை கொட்டாத குறையாக வீட்டுக்கு வந்து, "பார்த்தாயா! சர்க்கார் காதில் விழாமல் போகவில்லை" என்றார்.

அவர் சம்சாரம் பையைக் கவிழ்த்து, நசுங்கியவற்றைத் தனியே ஒதுக்கினாள். "வாடகைக்கு எழுதினீர்கள், தக்காளி வந்திருக்கிறது. இனிமேல் தக்காளிக்கு எழுதிப் பாருங்கள், வீடு வந்தாலும் வரும்."

மனுதாரர் இதைப் பரிகாசமாக எடுத்துக்கொள்ளவில்லை. சற்று யோசித்துவிட்டு, புதுத் தாள் ஒன்றை எடுத்து, 'பொருள்' என்று இட்ட இடத்துக்கு நேரே 'தக்காளி' என்று எழுதி, அதன் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடும் கிழித்தார்.