சட்டியில் தர்மம், படகில் சீனா

கே: தர்மமும் செய்யணும், பசுமையாவும் வாழணும், ஊரும் சுற்றணும், வேலைக்கும் போகணும். ஒரே ஆளால் முடியுமா? (ஒரு வாசகி, ஆலுவா)

ப: உங்களுக்குப் பக்கத்தில்தானே முப்பத்தடம் நாராயணன்! கோடையில் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்க மண்சட்டிகளை இலவசமாகத் தருபவர். எண்ணிக்கை லட்சத்தைத் தொடப்போவதாக 2022 மார்ச்சில் பிரதமரே வானொலியில் சொன்னார். தர்மம், பசுமை இரண்டும் ஒரே சட்டியில் முடிந்தன. வேலைக்கு, 2017 முதல் உங்கள் ஊரிலிருந்தே மெட்ரோ கிளம்புகிறது. சிக்கல் ஊர்சுற்றலில்தான். நெடும்பாசேரி விமான நிலையம் 2015 முதல் சூரிய மின்சாரத்தில் ஓடுகிறதே என்று மனசைத் தேற்றிக்கொள்ளாதீர்கள். விமானம் இன்னும் எண்ணெயில்தான் பறக்கிறது. பதிலாக, வாட்டர் மெட்ரோ படகில் மட்டாஞ்சேரி போங்கள். 1568-இல் கட்டிய பரதேசி யூத ஆலயத்தின் தரை முழுக்கச் சீன ஓடு. பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள், செருப்பை மட்டும் கழற்றச் சொல்வார்கள்.