எந்த நாட்டுப் பிள்ளை?

அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் ஓர் அருமையான வீட்டுப்பாடம் உண்டு. மூதாதையர் நாட்டை ஒரு மூன்று மடிப்பு அட்டைக்குள் அடக்க வேண்டும். ஒரு கொடி, ஓர் உடை, ஒரு பலகாரம். அதற்கு மேல் ஒரு நாட்டில் என்ன இருந்துவிடப் போகிறது?

வரலாற்றுக்கும் இதில் தொந்தரவு இல்லை. 1850-இல் சிசிலியில் கப்பலேறிய எள்ளுத்தாத்தாவுக்கு இத்தாலிக் கொடி ஒட்டலாம். இத்தாலி ஒரே நாடானது 1861-இல். அவசரப்பட்டது தாத்தாவின் தப்பு.

பலகார மேசையில் அயர்லாந்தின் சார்பில் உருளைக்கிழங்கு, இத்தாலியின் சார்பில் தக்காளிச் சாறு, தமிழ்நாட்டின் சார்பில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. கிழங்கு, தக்காளி, மிளகாய் மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போனவை. பூர்விகத்தைத் தேடி ஊர் திரும்பியது அவை மட்டும்தான்.

இரவு பதினொரு மணிக்கு அட்டையில் ஜிகினா ஒட்டுவது அம்மா, பிள்ளை தூங்குகிறது. மரபு தலைமுறை தாண்டுவது இப்படித்தான்.

வீட்டுப்பாடப் படிவத்தில் கடைசிக் கேள்வி: ‘உங்கள் குடும்பம் அமெரிக்கா வந்த ஆண்டு?’ நவஹோ பூர்வகுடிச் சிறுமி பென்சிலைக் கடித்து யோசித்து, 1924 என்று எழுதுகிறாள். பூர்வகுடிகள் எல்லோருக்கும் அமெரிக்கா குடியுரிமை தந்த வருடம்.

ஆசிரியை உருகிப்போகிறார். “அடடே, இப்போதுதான் வந்தீர்களா!”