ஆயில் அண்ணாச்சி

தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் எந்த டூவீலர் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடக்கும். அதில் ஓர் அண்ணாச்சி இருப்பார். கடை அவருடையதல்ல. மெக்கானிக்கும் அவரல்ல. ஆனால் அவர் வாயைத் திறக்காமல் அங்கே ஒரு நட்டு கழலாது.

வண்டியை ஸ்டாண்ட் போட்டதுமே ஆயில் மூடியைத் திருகி எடுப்பார். கம்பியில் ஒட்டியிருப்பதை இரண்டு விரலால் வழித்துத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய், நாடி பார்க்கும் வைத்தியர்போலக் கண்ணை மூடுவார்.

"கறுத்துப் போச்சு வே. இதோட ஓட்டினா இஞ்சின் பிடிச்சிரும், சொல்லிட்டேன்."

வேலை செய்கிற ஆயில் கறுக்கத்தான் செய்யும். கரியை உள்ளே படியவிடாமல் தன்னோடு இழுத்துக்கொண்டு திரிவதுதானே அதன் உத்தியோகம்? இதைச் சொல்லிப் பாருங்கள். "நீரு படிச்ச ஆளு" என்பார். அந்த ஊரில் அதற்குமேல் ஒருவரைத் திட்ட முடியாது.

ஆயில் மாற்ற ஆக்டிவாவுக்கு 6000 கிலோமீட்டர் என்கிறது ஹோண்டா. புதிய கிளாசிக் 350-க்கு 10,000 அல்லது ஒரு வருடம் என்கிறது ராயல் என்ஃபீல்டு. அண்ணாச்சிக்கு எல்லா வண்டிக்கும் ஒரே கணக்கு: 2000. "கம்பெனிக்காரன் ஏசி ரூம்ல உக்காந்து எழுதுதான். புளியரை ஏத்தத்தை அவன் பாத்திருக்கானா?"

அமெரிக்காவிலும் அவருக்குப் பங்காளிகள் உண்டு. அங்கே 3000 மைல் என்ற பழைய கணக்கை விடச்சொல்லி கலிபோர்னியா அரசே பிரசாரம் செய்ய வேண்டிவந்தது.

அவர் சொல்வது முழுப்பொய் என்றும் தள்ள முடியாது. சாரல் காலத்தில் குற்றாலம் ரோட்டில் அருவிக்கூட்டத்துக்கு நடுவே வண்டி உறுமிக்கொண்டே நிற்கும். மீட்டர் நகராது, ஆயில் மட்டும் உழைக்கும். பால் வாங்க, பூ வாங்க என்று பக்கத்துத் தெருவுக்கே ஓடுகிற வண்டியில் இஞ்சின் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும். உள்ளே வேர்த்த நீர் ஆவியாகாமல் ஆயிலோடு கலந்துவிடும். கிலோமீட்டரோடு மாதக்கணக்கும் சேர்த்து, எது முந்துகிறதோ அப்போது மாற்று என்று கம்பெனி எழுதுவது இதற்காகத்தான். அண்ணாச்சிக்கு விடை பாதி தெரியும். மீதிப் பாதியைக் குரலால் நிரப்பிக்கொள்வார்.

அவர் ஏறி வருவது ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸெல். அதில் ஆயிலைப் பெட்ரோலோடு கலந்து ஊற்றினால் எரிந்து புகையாகப் போய்விடும். இறக்கி மாற்ற இஞ்சின் ஆயிலே அதில் நிற்காது. கேட்டால், "அதனாலதாம்டே இத்தனை வருசம் ஓடுது" என்பார்.

சாயங்காலம் அந்த எக்ஸெலின் முன்னால் ஒரு கேன் ஏறும். அன்று வண்டிகளிலிருந்து இறக்கிய பழைய ஆயில் அது. மச்சினன் சென்ட்ரிங் வேலை பார்க்கிறான். கான்கிரீட் ஒட்டாமல் இருக்கப் பலகையில் தடவ வேண்டும். 6000 ஓடிய ஆயிலைவிட 2000 ஓடிய ஆயில் வழவழப்பாக இருக்குமாம்.

வண்டியோடு கொடுத்த கையேடு சீட்டுக்கு அடியில்தான் கிடக்கும். அண்ணாச்சி டீ குடிக்கப் போகிற நேரமாகப் பார்த்து எடுத்துப் படியுங்கள்.