தாளிப்பும் ஸ்மோக் அலாரமும்: ஆகன் நகர விடுதிச் சமையலறைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் மாணவரின் முதல் வாரங்களைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் குளிரைச் சொல்கிறார்கள், மொழியைச் சொல்கிறார்கள், வீட்டு நினைப்பைச் சொல்கிறார்கள். தலைக்கு மேலே, கூரையில், ஓர் இட்லியைவிடச் சற்றே பெரிதாக, வெள்ளை வெளேரென்று ஒரு பொருள் ஒட்டிக்கொண்டிருப்பதை ஒருவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. ஆய்வுலகின் இந்த ஓட்டையை அடைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எமது கருதுகோள் எளியது. மாணவர் எந்த நாட்டுக்கும் நேரடியாகப் பழகுவதில்லை. அந்த நாட்டின் ஸ்மோக் அலாரத்துக்குத்தான் முதலில் பழகுகிறார். நேரம் தவறாமை, குப்பை பிரித்தல், பக்கத்து அறைக்காரரிடம் நயமாகப் பேசுதல் எல்லாம் அதன் பிறகு தாமாக வந்து சேர்கின்றன.

ஆய்வுக் களம் ஜெர்மனியின் மேற்கு விளிம்பில், பெல்ஜியமும் நெதர்லாந்தும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஆகன். இந்த ஊரைத் தேர்ந்ததற்குக் காரணம் இரண்டு. பொறியியல் படிக்க வருகிறவர்கள் இங்கே அதிகம். 2022-23 குளிர்காலப் பருவத்தில் இந்தியர்கள் சீனர்களை முந்தி ஜெர்மனியின் மிகப் பெரிய அயல்நாட்டு மாணவர் கூட்டமானார்கள். அடுத்த ஆண்டே அந்த எண்ணிக்கை 49,000ஐத் தாண்டிவிட்டது. அதில் கோவை, திருச்சி, மதுரைப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று பதிவேட்டைப் புரட்ட வேண்டியதில்லை. மாலை ஏழு மணிக்கு விடுதி வாசலில் நின்று மூச்சை இழுத்தால் போதும். இரண்டாவது காரணம் வரலாற்று வழிப்பட்டது. 1656ஆம் ஆண்டு ஒரு ரொட்டிக்காரர் வீட்டில் பற்றிய தீ இந்த நகரத்தின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கியது. வெறும் ரொட்டி சுட்டதற்கே அந்தக் கதி. கடுகும் உளுந்தும் வரமிளகாயும் சேர்ந்தால் என்னாகும் என்று ஊரார் கவலைப்படுவதைக் குற்றம் சொல்ல முடியாது.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பியர் வகுத்த முறை. அதன்படி நிலம், எட்டுப் பேருக்கு ஒன்றான பொதுச் சமையலறை. பெரும்பொழுது, வகுப்புகள் தொடங்கும் அக்டோபர். சிறுபொழுது, மாலை ஏழரை. உரிப்பொருள், புகைதலும் புகைதல் நிமித்தமும்.

கருப்பொருள்களில் தலையாயது ஊரிலிருந்து வந்த பெட்டி. 23 கிலோ மூட்டை இரண்டு என்று விமானக்காரர்கள் போட்ட வரம்புக்குள் சாம்பார் பொடி, ரசப்பொடி, பருப்புப் பொடி, பெருங்காய டப்பா, குக்கர், அஞ்சறைப் பெட்டி எல்லாம் துணிமணியை ஓரங்கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி இந்த இடத்தில் சுவையானது. 2019 டிசம்பர் 14 முதல், வெளியிலிருந்து பச்சை இலையோ காயோ கனியோ கொண்டுவருகிறவர் தாவர நலச் சான்றிதழ் காட்ட வேண்டும். விலக்குப் பெற்றவை ஐந்தே ஐந்து: அன்னாசி, வாழை, பேரீச்சை, துரியன், தேங்காய். ஆக, ஒரு தமிழ் மாணவர் கையில் தேங்காயோடு சட்டப்படி இறங்கலாம். கறிவேப்பிலைக் கொத்தோடு இறங்க முடியாது. பால் பொருளுக்கும் தடை என்பதால் நெய்ப் பாட்டிலின் பயணமும் விமான நிலையத்தோடு முடிகிறது. கறிவேப்பிலையும் நெய்யும் எல்லையில் நின்றுவிட, கடுகு மட்டும் நாட்டுக்குள் நுழைகிறது. நாம் ஆராயப் போகும் கலவரம் முழுவதும் அந்தக் கடுகால் விளைவது.

இனி, கருவியின் உடற்கூறு. உள்ளே ஒரு சின்ன இருட்டறை. அதில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசும் விளக்கு ஒன்று. அந்த ஒளி தன்மேல் நேராக விழாதபடி ஒதுங்கியிருக்கும் உணரி ஒன்று. காற்று சுத்தமாக இருக்கும்வரை உணரிக்கு ஒரு சேதியும் இல்லை. நுண்துகள் புகுந்தால் ஒளி அதில் பட்டுச் சிதறும்; சிதறியதில் கொஞ்சம் உணரியின்மேல் விழும்; உடனே அலறல். மூன்று மீட்டர் தள்ளி நின்றாலும் 85 டெசிபெல் கேட்க வேண்டும் என்பது ஐரோப்பியத் தரம்.

இதிலிருந்து முக்கியமான ஓர் உண்மை பெறப்படுகிறது: கருவிக்கு மூக்கு கிடையாது. வரமிளகாய் நெடியில் பக்கத்து அறைக்காரர் குடல் வெளியே வருமளவுக்கு இருமிக்கொண்டிருப்பார். கருவி கம்மென்று இருக்கும். ரசம் நுரைகட்டி ஆவி எழும்போது பக்கத்து அறைக்காரர் நிம்மதியாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். கருவி ஊரைக் கூட்டும். அதற்கு ரசமும் தீயும் ஒன்று. நம் சமையலின்மேல் அதற்கு வன்மம் என்று புதிதாக வந்தவர்கள் சிலர் கருதுகிறார்கள். ஆதாரம் இல்லை. அடுப்பில் மறந்துபோன ஜெர்மானியரின் உறைபீட்சாவுக்கும் அது இதே குரலில்தான் அலறுகிறது.

பழியில் பெரும்பங்கு உண்மையில் அடுப்புக்கு. பழைய விடுதிகளில் வார்ப்பிரும்புத் தட்டு, புதியவற்றில் வழவழப்பான கண்ணாடிப் பீங்கான் பரப்பு. இரண்டும் மின்சாரத்தில் சூடாவன. கேஸ் அடுப்பில் வளர்ந்த கைக்கு இது விளங்காது. அங்கே குமிழைத் திருப்பினால் நீலம் மறையும், சூடும் போகும். இங்கே குமிழைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காது. தட்டு தன் போக்கில் காயும், தன் போக்கில் ஆறும். தாளிப்போ நொடிக் கணக்கு. கடுகுக்குள் இருக்கும் சொற்ப ஈரம் ஆவியாகித் தோலைப் பிளந்து வெடிப்பதற்கும், உளுந்து பொன்னிறம் தாண்டிக் கருப்பதற்கும் இடையில் இருக்கிற அந்தச் சின்ன இடைவெளியில்தான் ஒரு குடும்பத்தின் மானம் இருக்கிறது. இத்தனைக்கும் மேலாக, ஊரிலிருந்து பத்திரமாகச் சுற்றி எடுத்து வந்த செக்கு நல்லெண்ணெய், கடையில் கிடைக்கும் சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெயைவிட முன்னதாகவே புகையத் தொடங்கும். பாசம் புகைநிலையைக் குறைக்கிறது என்று இதைச் சூத்திரமாக்கலாம்.

களத்தில் பதிவான உரையாடல் ஒன்றை அப்படியே தருகிறோம். ஆகனில் மணி ஏழரை, திருச்சியில் பதினொன்று. சர்க்கரை டப்பாவின்மேல் சாய்த்து வைத்த போனில் அம்மா.

"எண்ணெய் காஞ்சுதாடா?"

"தெரியலம்மா. போட்டு பத்து நிமிஷமாச்சு, சும்மா கிடக்கு."

"அப்போ கொஞ்சம் கூட்டி வையி."

குமிழ் ஒன்பதுக்குப் போகிறது. சற்று நேரம் அமைதி. பிறகு எல்லாம் ஒரே சமயத்தில்.

"வெடிக்குதும்மா!"

"உளுந்தப் போடு. மிளகாயக் கிள்ளிப் போடு. போதும், அடுப்ப அணை, அணை."

"அணைச்சுட்டேன்."

"அணைச்சா ஏன்டா இன்னும் பொரியுது?"

அம்மா எழுப்பிய இந்த வினா மின்னடுப்புத் தாளிப்பியலின் மையச் சிக்கலைத் தொட்டுவிட்டது. விடை, சட்டியைத் தூக்கிப் பக்கத்துக் குளிர்ந்த தட்டில் வைப்பது. ஆனால் அதைச் சொல்வதற்குள் கூரைக் கருவி பேசத் தொடங்கிவிட்டதால் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அடுத்து மாணவர் செய்யும் முதல் காரியம் ஜன்னலுக்கு ஓடுவது. ஜெர்மன் ஜன்னலின் கைப்பிடிக்கு மூன்று நிலை உண்டு: கீழே பார்த்தால் பூட்டு, கிடையாக இருந்தால் கதவுபோல் திறப்பு, மேலே பார்த்தால் தலைப்பக்கம் மட்டும் உள்நோக்கிச் சாய்வு. பதற்றத்தில் பாதி திறந்த ஜன்னலின் கைப்பிடியை மேலே திருப்புகிறவருக்கு ஒரு காட்சி காத்திருக்கிறது. ஜன்னல் முழுவதும் சட்டத்தை விட்டுக் கழன்று, ஒரே ஒரு கீழ் மூலையில் தொங்கிக்கொண்டு, அவர் தோள்மேல் சாயும். உண்மையில் அது விழாது. தள்ளி மூடிக் கைப்பிடியைச் சரிசெய்தால் பழையபடி அமரும். இது அவருக்கு அப்போது தெரியாது. தலைக்கு மேல் அலறல், அடுப்பில் கருகும் உளுந்து, மார்பில் அணைத்த ஜன்னல்: இந்நிலையில் நிற்கும் மாணவரின் மனநிலைக்கு மெய்ப்பாட்டியலில் இடம் தேடினோம். அச்சம், இளிவரல், அழுகை மூன்றும் பொருந்தின. நகை, பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு.

இரண்டாவது காரியம் பெரும்பிழை. புகை வெளியேறட்டும் என்று நடைவழிக் கதவைத் திறப்பது. இங்கே சட்டம் தெரிந்திருப்பது நல்லது. ஆகன் அடங்கிய மாநிலத்தின் சட்டம் படுக்கையறைகளிலும், தப்பிக்கும் வழியாக அமையும் நடைவழிகளிலும் கருவி வேண்டும் என்கிறது. சமையலறையில் வேண்டும் என்று சொல்லவில்லை. சட்டம் எழுதியவர் சமையலை அறிந்தவர். ஆகவே சமையலறைக்குள்ளேயே அடைபட்டிருந்தால் ஓரளவு மன்னிக்கப்படும் புகை, நடைவழிக்கு வந்ததும் குற்றமாகிறது. சில கட்டடங்களில் நடைவழிக் கருவிகள் நேரே தீயணைப்புத் துறையோடு இணைந்திருக்கும். வண்டி வந்துவிட்டால் அந்தச் செலவைச் சமைத்தவர் தலையில் கட்டுவதும் உண்டு. விசாவுக்காக வங்கியில் முடக்கிவைத்த பணத்திலிருந்து மாதம் 992 யூரோ மட்டும் எடுக்கக்கூடிய ஒருவருக்கு இது சாதாரண விஷயம் அல்ல. இதுபற்றி நாம் இயற்றிய நூற்பா வருமாறு:

கடுகு வெடிக்கும் போழ்தில் கதவடைத்துச்
சாளரம் திறத்தல் தலையே, நடைவழி
நோக்கித் திறத்தல் கடையென மொழிப.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், புகை போகும் திசை உணர்த்துதல் நுதலிற்று. "கதவடைத்து" என முற்கூறினமையின், அடைத்தல் தாளிப்புக்கு முன்னரே நிகழற்பாலது என்பது பெற்றாம். மேலே இருக்கும் புகைபோக்கி போதாதோ எனின், போதாது. பல விடுதிகளில் அது புகையை வெளியே போக்காமல் வடிகட்டி அதே அறைக்குள் திருப்பி விடும் என்க. உளுந்து கருகியவழி எச்சாளரமும் உதவாது என்பது சொல்லாமற் கிடந்த பொருள்.

முன்னாய்வுகள் பெரும்பாலும் வாய்மொழி மரபைச் சேர்ந்தவை. சீனியர் அண்ணன்களாலும் அக்காக்களாலும் வழிவழியாகக் கைமாறி வருபவை. இவர்களுள் உறையிடுவோர் மரபு தொன்மையானது. கருவிக்குக் குளியல் தொப்பி மாட்டிவிட்டுத் தாளிக்கலாம் என்பது அவர்கள் கொள்கை. இதை இவ்வாய்வாளர் கடுமையாக மறுக்கிறார், விளையாட்டாக அல்ல. தூங்குகிறவருக்குப் புகை வாசனை எட்டாது. கண்விழிப்பதற்குள் புகையே ஆளை மயக்கிவிடும். அதனால்தான் சட்டம் படுக்கையறையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மாட்டிய தொப்பியைச் சாப்பிட்ட பிறகு கழற்றியவர் எவரும் எம் பார்வைக்கு வரவில்லை. விசிறுவோர் மரபு ஏற்கத்தக்கது. பக்கத்து அறை ஜெர்மானியர்கள் இந்தக் கலையில் தேர்ந்தவர்கள். அலறல் கேட்டதும் அவர்களில் ஒருவர் காதில் ஹெட்போனோடு வருவார். ஜன்னலை முழுக்கத் திறப்பார். பாத்திரம் துடைக்கும் துணியால் கருவிக்குக் கீழே நாலு வீசு வீசுவார். "அலெஸ் குட்" (எல்லாம் சரி) என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஒரு கேள்வி கிடையாது. நம் ஊராக இருந்தால் என்ன குழம்பு என்றாவது கேட்டிருப்பார்கள்.

திருப்புமுனை எப்போது வருகிறது என்பதே இவ்வாய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு. அக்டோபர் கடைசி ஞாயிறு. அன்று அதிகாலை ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். இந்தியாவோடு மூன்றரை மணியாக இருந்த வித்தியாசம் நாலரையாகிறது. மாலை ஏழரைக்கு அடுப்பு மூட்டினால் திருச்சியில் நள்ளிரவு; அம்மா தூங்கிவிட்டார். மேற்பார்வை இல்லாத தாளிப்பு அன்றுதான் தொடங்குகிறது, கருகாத தாளிப்பும் அன்றுதான். குமிழ் ஆறைத் தாண்டுவதில்லை. சூரியகாந்தி எண்ணெய் வருகிறது. கடுகு படபடத்ததும் சட்டி பக்கத்துத் தட்டுக்கு மாறுகிறது. உளுந்தும் மிளகாயும் அந்த மிச்சச் சூட்டிலேயே பொரிகின்றன. இவற்றில் எதையும் அம்மா சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் முடியாது.

மற்றவை தொடர்கின்றன. ஜன்னலை அகலத் திறந்து சில நிமிடம் காற்று விடுவதை மாணவர் புகைக்காகக் கற்றார். ஈரம் தங்கிச் சுவரில் பூஞ்சை பிடிக்காதிருக்க வாடகை ஒப்பந்தம் கேட்பதும் அதையேதான். மன்னிப்புக் கேட்க "எண்ட்ஷுல்டிகுங்" என்ற நீண்ட சொல் வேண்டியிருந்தது. மொழி வகுப்பில் வாயில் நுழையாத அது, நடைவழியில் இரவு உடுப்போடு நின்ற எட்டுப் பேர் முன்னால் சரளமாக வந்தது. இரவு பத்து மணிக்கு மேல் அமைதி காக்க வேண்டும் என்பதால் சமையல் முன்கூட்டியே முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்குரிய நாள் என்று 1919ஆம் ஆண்டு அரசியலமைப்பு எழுதியது இன்றைய அரசியலமைப்பிலும் தொடர்கிறது. கடைகள் மூடியிருக்கும், கடுகு தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஆகவே சனிக்கிழமையே பட்டியல் எழுதுகிற பழக்கம் வருகிறது. ஊரில் அப்பா எத்தனை வருடம் கத்தியும் வராத பழக்கம்.

கடைசியாக, அண்மையில் தோன்றியிருக்கும் மைக்ரோவேவ் மரபைப் பற்றி ஒரு சொல். கிண்ணத்தில் எண்ணெயையும் கடுகையும் போட்டு மூடிவைத்துச் சுழலவிட்டால் உள்ளேயே வெடித்து அடங்கும். புகை இல்லை, கருவிக்குச் சேதி போகாது என்பது அவர்கள் வாதம். செய்தும் காட்டினார்கள். கடுகு வெடித்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் நடைவழியில் வாசனையே எழாததால், வழக்கமாகத் தட்டோடு இறங்கி வரும் மூன்றாம் மாடிப் பையன் வரவில்லை. ரசம் அரைக் குண்டான் மிஞ்சியது. இதைத் தாளிப்பு என்று இவ்வாய்வாளர் ஏற்பதற்கில்லை.