கம்பி வாரியம் வேண்டி ஒரு விண்ணப்பம்

பெறுநர்: உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலத்து மகாசபையின் பொன் வாரியப் பெருமக்கள்.
பொருள்: ரெக்கார்டு பிளேயர் கேபிளைப் பழக்குவது தொடர்பாக.
பார்வை: வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் தாங்கள் வெட்டுவித்த, முதற் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டு (கி.பி. 919, 921) ஆணைகள்.

ஐயா,

இன்றைய அலுவலகங்களை விட்டுவிட்டு ஆயிரத்து நூறு ஆண்டு பின்னால் வந்து உங்கள் கதவைத் தட்டுகிறேன். பொன்னுக்கென்று தனி வாரியம் வைத்த ஊர் இது. செம்புக்குத்தான் இன்று கேட்க ஆளில்லை.

இசைத்தட்டு ஆசையில் சென்னைக் கடை ஒன்றில் கேபிள் வாங்கினேன். ஒரு கறவை மாட்டின் விலை. மாட்டினால் பழைய கேபிள் போலவே பாடியது. "புதுசு சார். இருநூறு மணி நேரம் ஓடட்டும், சவுண்ட் ஸ்டேஜ் அப்படியே விரியும்" என்றார் கடைக்காரர். ஊசியிலிருந்து வருவது 5 மில்லிவோல்ட் அளவுதான், ஆகவே ஃபோனோ கேபிள் பழகத் தாமதமாகுமாம். அதற்கும் ஒரு பெட்டி விற்கிறது: சி.டி. பிளேயரின் ஒலியில் கீழ்ஸ்தாயியைக் குறைத்து, மேல்ஸ்தாயியை ஏற்றி, இசைத்தட்டிலிருந்து வருவது போலவே மெலிதாக்கி அனுப்பும். வால்யூமை அடைத்துவிட்டு இரவெல்லாம் ஓட்ட வேண்டும், கேட்க ஆளில்லாத கச்சேரி. நடுவில் கரண்ட் போனால் கணக்கு முதலிலிருந்தா, விட்ட இடத்திலிருந்தா என்று அவர் சொல்லவில்லை.

பழகுகிற பொருளும் இதில் உண்டு, மறுக்கவில்லை. கேட்ரிட்ஜுக்குள் ஊசித்தண்டைத் தாங்கும் ரப்பர் புதிதில் விறைத்திருந்து, ஓட ஓட இளகும். அது அசைகிற பொருள். கேபிளிலும் ஒலியை மாற்றும் சங்கதி உண்டு, கெப்பாசிட்டன்ஸ். கேட்ரிட்ஜின் சுருளோடு சேர்ந்து மேல்ஸ்தாயியைத் தூக்கும் அல்லது மழுக்கும். மீட்டர் வைத்தால் பைக்கோஃபாரட் கணக்கில் தெரியும். ஆனால் வாங்கிய அன்று எவ்வளவோ, இருநூறாவது மணியிலும் அவ்வளவுதான். பழகுவது என் காது என்றே சந்தேகிக்கிறேன். அது பழகி முடிவதற்குள் சரக்கைத் திருப்பித் தரும் கெடுவும் முடிந்துவிடும்.

சந்தேகம் தீர்க்கும் வழியை நீங்களே கல்லில் எழுதியிருக்கிறீர்கள். வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க ஓலையில் பெயரெழுதி, குடத்திலிட்டுக் குலுக்கி, உள்ளிருப்பது அறியாத சிறுவனை எடுக்க வைத்தீர்கள். மருந்துச் சோதனைக்கூடங்கள் இந்த அறியாமையின் அருமையை உணர நூற்றாண்டுகள் பிடித்தன. ஆகவே ஒரு கம்பி வாரியம் அமையுங்கள். பழகியது, பழகாதது என இரண்டு ஓலை. வந்த கேபிளைத் திரைக்குப் பின்னால் மாட்டட்டும். எது என்று பெருமக்கள் கேட்டு எழுதட்டும். இருபது தடவை.

கணக்குக் காட்டாதவரை மட்டுமா விலக்கினீர்கள்? அவருடைய சின்னம்மா, பெரியம்மா, அத்தை, மாமன் பிள்ளைகளையும் சேர்த்தல்லவா விலக்கினீர்கள். இங்கும் அப்படியே வேண்டும். கேபிள் விற்பவர், அவரிடம் விளம்பரம் வாங்கும் பத்திரிகை, இரவல் கேபிளுக்கு மதிப்புரை எழுதுபவர் எல்லாரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள்.

ஒரே ஒரு திருத்தம். உறுப்பினர் வயது 35க்கு மேல், 70க்குள் என்றீர்கள். கேபிள் வாங்குகிறவர்களும் பெரும்பாலும் அந்த வயதுக்காரர்களே. ஆனால் அந்த வயதில் மேல்ஸ்தாயி காதைவிட்டு மெல்லக் கழன்றுகொள்கிறது. ஆகவே ஓலை எடுக்க வரும் பையன், கேட்பதற்குத் தன் தம்பியையும் கூட்டிவரும்படி ஆணையிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இரவெல்லாம் கேபிள் பழக்கும் குடிமகன்,
உத்திரமேரூர்.