என் பெயர் பெரூஜா போன கதை

நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. இனிஷியலை வைத்தே காலத்தை ஓட்டிவிடுவோம். இத்தாலிய அரசாங்கத்துக்கு இனிஷியல் செரிக்காது. பாஸ்போர்ட்டில் ‘சர்நேம்’ கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் ஆள். என் மகளின் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் நான் இருந்தேன். ஆக, ஒரு செமஸ்டர் இத்தாலிய மொழியும் பண்பாடும் படிக்க அவள் பெரூஜாவுக்குப் போனபோது, அதிகாரபூர்வமாக அங்கே போய் இறங்கியது மதுரை மீனாட்சிசுந்தரம். அவள் என் பெயருக்குத் துணைக்குப் போனவள்.

போன கையோடு வரி அலுவலகம் அவளுக்கு 16 எழுத்தில் ஓர் அடையாளக் குறி கொடுத்தது. ‘கோதிச்சே ஃபிஸ்காலே’ என்று பெயர். அது கையில் இல்லாவிட்டால் வாடகை ஒப்பந்தம்கூடப் போட முடியாது. என் பெயரிலுள்ள உயிரெழுத்துகளையெல்லாம் தள்ளிவிட்டு முதல் மூன்று மெய்களை எடுத்திருந்தார்கள்: எம், என், கே. அந்தக் காலத்துக் காங்கிரஸ் தலைவர்களுக்குப் போல எனக்கும் மூன்று எழுத்து வாய்த்ததில் உள்ளுக்குள் பெருமைதான். பிறந்த மாதத்துக்கு ஓர் எழுத்து. பெண்களுக்கு மட்டும் பிறந்த தேதியோடு 40 கூட்டுவார்களாம். 12ஆம் தேதி பிறந்தவள் 52ஆம் தேதி பிறந்தவளாகிவிட்டாள். இந்தியாவுக்கு ‘இசட் 222’. எங்கள் குடும்ப ஜோசியரிடம் காட்டினேன். 52ஆம் தேதிக்குப் பலன் சொல்ல அவர் தனிக் கட்டணம் கேட்டார்.

பெரூஜா இத்தாலியின் நடுவில், உம்பிரியா மாநிலத்தில், மலை மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். வெளிநாட்டவருக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் 1925இலிருந்து அங்கே நடக்கிறது. “அப்ப உள்ளூர்ப் பிள்ளைங்க எங்க படிக்கும்?” என்று கேட்டேன். அதே ஊரில் அவர்களுக்கு 1308லேயே ஒரு பல்கலைக்கழகம் வந்துவிட்டதாக மகள் சொன்னாள். ஃபீஸ் எவ்வளவு என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.

மே மாதக் கடைசியில் நானும் மனைவியும் கிளம்பினோம். மகளைப் பார்க்க என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டோம். என் பெயர் அங்கே எப்படி நடத்தப்படுகிறது என்று பார்க்கத்தான் போனேன். ஐரோப்பாவுக்குள் வெளியிலிருந்து பால் பொருள் எதுவும் கொண்டுபோகக் கூடாது என்பதால், உருக்கிய நெய் வீட்டோடு நின்றுவிட்டது. விமானத்தில் மனைவி நெய்யைப் பற்றி மட்டுமே பேசினாள். மாவடுவும் எலுமிச்சை ஊறுகாயும் வந்தன.

அவைதான் எங்களைக் காப்பாற்றின. ஏனென்றால் பெரூஜா ரொட்டியில் உப்பு கிடையாது. தெரியாமல் விட்டுப்போனதில்லை, வேண்டுமென்றேதான் போடுவதில்லை. 1540இல் போப் மூன்றாம் பால் உப்பு வரியை ஏற்றினார். ஊர் எதிர்த்து நின்று தோற்றது. அன்று முதல் கோபத்தில் ரொட்டிக்கு உப்பில்லை என்று உள்ளூரில் சொல்கிறார்கள். வரலாற்றாசிரியர்கள் இதை நம்புவதில்லை. நான் நம்புகிறேன். வரி ஏறினால் கோபத்தை வீட்டுச் சாப்பாட்டின் மேல் காட்டுவது என் வழக்கமும்தான். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நாம் சொல்வதை அவர்கள் உப்புப் போட்ட பன்றித் தொடையோடு சாப்பிட்டுச் சமாளிக்கிறார்கள். சைவர்களான எங்களுக்கு மிஞ்சியது வெறும் ரொட்டி. அதில் ஊறுகாயைத் தடவியதும்தான், இந்த ரொட்டி 1540இலிருந்து யாருக்காகக் காத்திருந்தது என்று புரிந்தது.

தோற்ற ஊரை அடக்க அந்தப் போப் ஒரு கோட்டை கட்டினார். பகைவர் குடும்பத்தின் மாளிகைகளையும் தெருக்களையும் அப்படியே கீழே அமுக்கி, மேலே கட்டடம். 19ஆம் நூற்றாண்டில் ஊர்க்காரர்கள் கோட்டையை இடித்துத் தள்ளினார்கள். அடியில் புதைந்த தெருக்கள் மட்டும் இன்றும் இருக்கின்றன. அவற்றின் ஊடாக எஸ்கலேட்டர் ஓடுகிறது. என் மூட்டுவலிக்கு இத்தாலிய வரலாற்றில் இதைவிடப் பெரிய சாதனை இல்லை. அரண்மனை, ஓவியக்கூடம் என்று மகள் அழைத்த இடத்துக்கெல்லாம் “மாடி உண்டா?” என்று கேட்ட நான், எஸ்கலேட்டரை மட்டும் தினமும் பார்க்கப் போனேன்.

காப்பியை அவர்கள் கடை மேடையருகே நின்றபடி குடிக்கிறார்கள். நின்றால் ஒரு விலை, உட்கார்ந்தால் கூடுதல் விலை. இந்த ஏற்பாட்டைக் கேள்விப்பட்டதிலிருந்து நான் இத்தாலியில் உட்காரவே இல்லை. ஒரு நாள் மாலை நான்கு மணிக்குக் கப்புச்சீனோ கேட்டேன். “அப்பா, அது காலைல மட்டும் குடிக்கறது. எல்லாரும் பார்க்கறாங்க” என்று மகள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். சாப்பாட்டுக்கு மேல் பால் போனால் வயிறு தாங்காது என்பது அங்கே அசைக்க முடியாத நம்பிக்கை. நான் நான்கு மணிக்குப் பால் காப்பி குடிக்காவிட்டால் வீடு தாங்காது என்பதை இத்தாலிய மொழியில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மகள் அறை எடுத்திருந்த வீட்டுக்காரம்மாவைப் பற்றி என் மனைவிக்குக் கிளம்பும்போது ஆயிரம் சந்தேகம். ஈரத்தலையோடு வாசலுக்குப் போன மகளை அந்தம்மா கையைப் பிடித்து இழுத்து நிறுத்தி, துண்டை எறிந்து, அரை மணி நேரம் திட்டியதைப் பார்த்ததும் எல்லாம் தீர்ந்தது. கழுத்தில் காற்றுப் படக் கூடாது, சாப்பிட்டவுடன் தண்ணீரில் இறங்கக் கூடாது. என் மாமியார் பேசுவதை யாரோ இத்தாலியக் குரலில் டப்பிங் செய்தது போலிருந்தது. மகளுக்குத் தலைவலி என்றதும் அந்தம்மா ஒரு தட்டில் தண்ணீர் வைத்து எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கண் பட்டிருக்கிறதா என்று பார்த்தார். என் மனைவி மிளகாய் வற்றலும் உப்பும் கேட்டாள். இருவரும் அவரவர் பாஷையில் பேசிக்கொண்டே திருஷ்டி கழித்தார்கள். அன்றிரவு புழுக்கம் தாங்காமல் நான் ஃபேன் கேட்டேன். காற்று அடித்துவிடும் என்று இரண்டு மொழியிலும் மறுக்கப்பட்டது.

ஆனால் மகளைப் பற்றி மனைவிக்குக் கவலை கூடியது. காலையில் இனிப்பு ரொட்டி தின்கிறாள், ராத்திரி எட்டரைக்குத்தான் அடுப்பைப் பற்ற வைக்கிறாள், கையை ஆட்டாமல் ஒரு வாக்கியம் பேசுவதில்லை. “இவ இந்த ஊர்க்காரியாவே ஆயிட்டாங்க” என்றாள். இந்த மாதிரி இடங்களில் வரலாற்றை எடுத்து வீசுவது என் பழக்கம். “1606இல் இத்தாலியிலிருந்து ராபர்ட் தெ நொபிலிங்கற பாதிரி நம்ம மதுரைக்கு வந்தார். காவி கட்டினார், தமிழ் படிச்சார், மரக்கறிக்கு மாறினார். கூட இருந்த பாதிரிகளே ரோமுக்குப் புகார் எழுதினாங்க. கடைசியில 1623இல் போப் பதினைந்தாம் கிரிகோரி, அவர்கிட்ட ஞானஸ்நானம் வாங்கினவங்க குடுமி, பூணூல், சந்தனம் எல்லாம் வெச்சுக்கலாம்னு தீர்ப்புச் சொன்னார். ஒரு ஊருக்குப் படிக்கப் போனா அப்படித்தான்” என்றேன்.

“அவர் மதுரைக்கு வந்து மரக்கறிக்கு மாறினார். இவ இங்க வந்து எதுக்கு மாறுவாளாம்?” என்றாள்.

வரலாற்றில் இதற்குப் பதில் இல்லை. மகள் உடனே, தான் பார்மிஜானோ சீஸைக்கூடத் தொடுவதில்லை, அதைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியை விட்டுத்தான் திரிக்க வைக்கிறார்கள் என்று தன் சைவத்துக்குச் சாட்சி சொன்னாள். தாய்க்கு நிம்மதி. அதுவரை பாஸ்தா மேல் அதை மழையாகத் தூவிக்கொண்டிருந்த நான் முள்கரண்டியை மெல்லக் கீழே வைத்தேன்.

ஜூனில் அவளுக்குப் பரீட்சை. அங்கே பெரும்பாலும் வாய்மொழித் தேர்வுதான், யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம். நாங்களும் பின் வரிசையில் உட்கார்ந்தோம். பேராசிரியர் பட்டியலைப் பார்த்து, ஒரு மூச்சு இழுத்து, “மெ-எ-நாக்-சி-சுந்தராம்!” என்று கூப்பிட்டார்.

நான் எழுந்து, “எஸ் சார்” என்றேன்.

வகுப்பே திரும்பியது. பேராசிரியர் என் வயதையும் பட்டியலையும் மாறி மாறிப் பார்த்தார். மகள் என் பக்கம் திரும்பாமலே போய் அவர் எதிரில் உட்கார்ந்தாள். கேள்வி, ஊர் நடுவிலுள்ள பெரிய நீரூற்றைப் பற்றி. 1278இல் முடிந்தது, நிக்கோலா பிசானோவும் மகன் ஜொவான்னியும் செய்தது, சுற்றிலும் பன்னிரண்டு மாதத்து வேலைகள் புடைப்புச் சிற்பமாக இருக்கின்றன என்று, கையாலும் வாயாலுமாக அவள் சொன்னதில் பாதி எனக்கே புரிந்தது. பேராசிரியர் சற்று யோசித்து, முப்பதுக்கு 24 என்றார். 18 வாங்கினாலே பாஸ். மனதுக்குள் 80 சதவீதம் என்று கணக்குப் போட்டு, மனைவிக்கு விரலால் காட்டினேன்.

மகள், “வேண்டாம்” என்றாள்.

கொடுக்கிற மார்க்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த தேதியில் திரும்பத் தேர்வுக்கு வரலாமாம். அது மாணவர் உரிமை. அடுத்த தேதி எங்கள் விமானத்துக்குப் பிறகு வந்தது. நாங்கள் முன்னால் போக, அவள் பின்னால் வர, டிக்கெட் மாற்ற, கூடுதல் வாடகைக்கு என்று நான் வராந்தாவில் நின்று கூட்டிப் பார்த்தேன். மேற்கொண்டு வரக்கூடிய ஒவ்வொரு மார்க்கும் சுமார் ஒரு பட்டுப்புடவை விலைக்கு வந்தது. இதை மனைவியிடம் சொன்னால் என் பக்கம் சேர்வாள் என்று நினைத்துச் சொன்னேன்.

அவள் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். “ஏங்க, நீங்க பி.காம்.ல அக்கவுண்டன்சியில 41 வாங்கினீங்களே, அப்பவே வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தா அதையும் பிடுங்கிட்டிருப்பாங்க” என்றேன்.