சோற்றுக்கு ஒரு மணி நேரம்

எங்கள் அம்மா மார்த்தாண்டம் பக்கம் ஓர் அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைத்தவள். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். அதற்காகக் கையில் சாம்பலைப் பூசிக்கொள்வார்கள். மத்தியானம் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாலும் விரலில் ஏறிய கறுப்பு போகாது. அந்தக் கையால்தான் தூக்குவாளிக் கஞ்சியும் மரச்சீனிக் கிழங்கும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணியாவது ஓய்வு தர வேண்டும் என்றது. ஆனால் கூலி கிலோ கணக்கில். "அரை மணிக்கூர் சும்மா இருந்தா யாரு மக்களே துட்டு தருவா?" என்பாள். பாதிக் கஞ்சியில் எழுந்துவிடுவாள்.

நான் நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் சேர்ந்தேன். மாதச் சம்பளம், தலைக்கு மேல் ஃபேன், கறுக்காத கை. அம்மாவுக்கு அதில் அவ்வளவு நிறைவு. ஆனால் காலையில் நின்றால் கடை அடைக்கும்வரை நிற்க வேண்டும். ஆள் இல்லாத நேரத்திலும் சுவரில் சாயக் கூடாது. சாப்பாடு பேட்ச் பேட்சாக, குடோனில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, இருபது நிமிடம். ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ் வந்தால் அதுவும் சுருங்கும். பாத்ரூமுக்கும் சூப்பர்வைசரிடம் கேட்டுப் போக வேண்டும் என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டோம். நீர்க்கடுப்பும் கால்வீக்கமும் எங்களுக்குள் அன்றாடப் பேச்சு. அப்போதும் 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் இருந்தது. நாலு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் இடையில் ஒரு மணி நேர ஓய்வு தந்தாக வேண்டும் என்று அதில் இருக்கிறது. எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

உட்காரும் உரிமைக்காகக் கோழிக்கோட்டில் பி. விஜியும் 'பெண்கூட்டு' அமைப்பும் பல வருடம் போராடினார்கள். 2018-இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் அந்த 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 22-அ பிரிவைச் சேர்த்தது. வேலை நேரம் முழுவதும் நிற்க வைக்காமல், ஊழியர் எல்லாருக்கும் இருக்கை தர வேண்டும் என்பது அதன் சாரம். இன்று நாகர்கோவில் கடைகள் சிலவற்றில் பெண்பிள்ளைகள் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன், சந்தோஷமாக இருக்கிறது. வேறு சில கடைகளில் ஸ்டூலின் மேல் சேலைக்கட்டு அடுக்கியிருக்கிறது.

அண்டி ஆபீசிலும் ஜவுளிக்கடையிலும் நான் கண்டது ஒன்றுதான். கூலி குறையும் என்ற பயமோ, வேலை போகும் என்ற பயமோ இருக்கும்வரை யாரும் ஓய்வை எடுக்க மாட்டார்கள். ஓய்வுக்குப் போகிறவள் இடத்தில் நிற்க இன்னொரு ஆளை வைப்பது முதலாளியின் பொறுப்பு. சேலை எடுக்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: மத்தியானம் கவுண்டரில் ஆள் குறைவாக இருந்தால் பத்து நிமிடம் பொறுங்கள். உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். கடையில் நிற்கும் பிள்ளைகளே, அந்த ஒரு மணி நேரம் உங்களுடையது. கேளுங்கள். தரவில்லை என்றால் தொழிலாளர் துறைக்கு எழுதிக் கொடுங்கள், தனியாக அல்ல, நாலு பேர் சேர்ந்து.